வாய்மொழி உத்தரவு: வடசென்னைக் குறிப்புகள்

செப்டம்பர் 12, 2025, வெள்ளி. வியாசர்பாடி

வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணிதான். அதற்குள் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்கிற மாதிரி ஆட்கள் வியர்த்து நின்றார்கள். புதுக்கோட்டைக்காரிக்கு வெயில் புதுசா என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. இங்கே வெயிலோடு கடல் பிசுபிசுப்பும் சேர்ந்துகொள்கிறது. ஓவர்பிரிட்ஜ் ஏறி இறங்குவதற்குள் திமிர் போய்விட்டது.

நிலையத்தின் பெயரில் இருக்கும் ஜீவா, ப. ஜீவானந்தம். வெள்ளைக்காரன் ஆட்சியில் சிறைக்குப் போனவர். சுதந்திரத்துக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தபோது தலைமறைவாக இருந்தவர். போலீஸ் தேடிய ஒருவரின் பெயரை இப்போது ஒலிபெருக்கியில் மணிக்குப் பல தடவை சொல்கிறார்கள்.

என்னை வரவழைத்தது என் பழைய மாணவன். என்னிடம் அரசியல் அறிவியல் படித்துவிட்டு, சட்டம் முடித்து, உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறான். புளியந்தோப்புப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறான். சனிக்கிழமை சாயங்காலம் நான் பேச வேண்டும். தலைப்பை அவனே வைத்திருந்தான்: ‘கைது செய்ய வந்தால் என்ன கேட்கலாம்?’ எனக்குப் பிடித்திருந்தது. ‘ஜனநாயகமும் மனித உரிமையும்’ என்று வைத்திருந்தால் நானே தூங்கியிருப்பேன்.

தள்ளுவண்டியில் நாலு இட்லி, வடகறி, 40 ரூபாய். வடகறியில் பட்டை கொஞ்சம் தூக்கல். இன்னொரு கரண்டி கேட்டதும் கடைக்கார அம்மா, “ஊர்ல இது கிடைக்காதா? பாவம், துன்னு துன்னு” என்று ஊற்றினார்.

பத்தரை மணிக்கு அந்தச் செய்தி வந்தது. ஹால் கிடையாதாம்.

மாணவனோடு நானும் போனேன். எழுபது பேர் உட்காரலாம், சின்ன ஹால். கீழே மளிகைக் கடை, மேலே ஹால். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். முன்பணம் 2,000 ரூபாயைக் கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். உட்காரச் சொல்லி ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்கு இடம் மறுத்ததில்லை.

“வேணாம்னு யாரும் சொல்லல மேடம். இன்னா கூட்டம், யாரு பேசறா, எத்தினி பேர் வருவாங்கன்னு கேட்டாங்க. அவ்ளோதான்.”

“யார் கேட்டாங்க?”

“போன்ல. ஸ்டேஷன்லேர்ந்துன்னு சொன்னாங்க.”

“பேரு? எழுத்துல ஏதாவது?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. “நீங்க நாளான்னிக்கு ஊருக்குப் பூடுவீங்க. லைசென்ஸ் ரெனிவலுக்கு நான்தானே போய் நிக்கணும்?”

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். தெருவில் ஊர்வலம், பொது இடத்தில் கூட்டம் என்றால் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு இருக்கிறது. 1888ஆம் வருடத்துச் சட்டம், இன்னமும் அதுதான். ஆனால் நாலு சுவருக்குள் நடக்கும் கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறது. 2024 ஜனவரியில் அயோத்தி விழாவை மண்டபங்களில் நேரலையாகக் காட்டுவது பற்றி வழக்கு வந்தபோது சொன்னதும் அதுதான். அன்றைக்கு அந்த உத்தரவைக் கேட்டு முகம் சுளித்த நண்பர்கள் எனக்கு உண்டு. இன்றைக்கு அதே உத்தரவைத்தான் நாங்கள் நீட்ட வேண்டியிருந்தது. பிடிக்காதவனுக்குக் கிடைத்த உரிமை நமக்கும் உதவும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

உரிமையாளர் எல்லாவற்றையும் கேட்டார். “நீங்க சொல்றது கரெக்ட்டு தம்பி,” என்றார். கவரை இன்னும் கொஞ்சம் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

சர்வாதிகாரம் பற்றி எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. ராணுவம் வரும், வானொலி நிலையத்தைப் பிடிக்கும், நாடாளுமன்றத்தைக் கலைக்கும். பெயர் சொல்லாத ஒரு போன்கால் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்தப் போன்காலை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ரத்து செய்ய ஒரு உத்தரவு வேண்டாமா?

ராத்திரி பரோட்டாவும் மாட்டுக்கறி சுக்காவும். இரண்டு பேருக்கு 260 ரூபாய். சுக்கா மிளகுக் காரம், கண்ணில் தண்ணீர். மாணவன் சாப்பிடவே இல்லை, இடத்துக்காகப் போன் போட்டுக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 13, சனி. புளியந்தோப்பு, பட்டாளம், மறுபடி வியாசர்பாடி

மதியச் சாப்பாடு மாணவனின் மாமியார் வீட்டில். புளியந்தோப்பில் ஒரு சந்து. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கை நீட்டினால் உப்பு வாங்கிக்கொள்ளலாம். சோறு, சென்னாக்குன்னி வறுவல், கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. நான் போதும் என்று சொன்னதை அந்த அம்மா காதிலேயே வாங்கவில்லை.

அவர் மாநகராட்சியில் தூய்மைப் பணி செய்தவர். ராயபுரம், திரு.வி.க. நகர், அதாவது 5ஆவது, 6ஆவது மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். 13ஆம் தேதி, நடைபாதையிலிருந்து அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. பத்திரிகையில் படித்தவர்களுக்கு இவ்வளவும் தெரியும். அவர் சொன்னது வேறு விஷயங்கள்.

“பஸ்ல ஏத்துனாங்க டீச்சரம்மா. எங்க போறோம்னு டிரைவரைக் கேட்டேன், அவுருக்கும் தெரில. கடைசில பாத்தா ஒரு கல்யாண மண்டபம். வாசல்ல யாரோட கல்யாணத்துக்கோ ஒட்டுன தெர்மாகோல் ‘நல்வரவு’ அப்படியே கீது.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கால் செருப்பு ரிப்பன் மாளிகை வாசலிலேயே போய்விட்டதாம். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போட மனசு வராமல் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பச்சை வார், குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழப் பார்க்கிறது. காட்டினார்.

“லேடி போலீஸ் ஒரு பொண்ணு, நம்ம பொண்ணு வயசுதான். இன்னா கேஸும்மா எங்க மேலன்னு கேட்டேன். ‘தெரிலக்கா, நான் டூட்டிக்கு வந்தவ’ன்னுச்சு. அப்பறம் அதுவே பிஸ்கட் பாக்கெட்டு குடுத்துச்சு.”

நான் சாயங்காலம் பேச வைத்திருந்த குறிப்புகளில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு இருந்தது. சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நேரத்தில் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். இப்படிப்பட்ட நாளில், ‘கைதே இல்லை, அப்புறப்படுத்தினோம்’ என்று சொல்லிவிட வழி இருக்கிறது. கைது என்றால் குறிப்பு எழுத வேண்டும், நேரம் போட வேண்டும், சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறப்படுத்துவதற்கு பஸ் போதும்.

சாப்பிட்ட களைப்போடு பட்டாளம் பக்கம் நடந்தோம். பின்னி மில் இருந்த இடம். பக்கிங்காம், கர்நாடிக் என்ற அந்த இரண்டு ஆலைகளும் 1996இல் மூடப்பட்டன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களால் பிறந்தது, 1918 ஏப்ரல் 27. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் போய் பிரம்மஞான சபைக்காரரான பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. கூட நின்றார். வேலை நிறுத்தத்தைத் தூண்டுகிறார் என்று கம்பெனி வாடியா மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. அந்தத் தடை கிளப்பிய சத்தம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. 1921 வேலை நிறுத்தத்தில் இந்தத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். இப்போது இந்தப் பக்கம் அடுக்குமாடிகள். காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. “ஃபோட்டோ எடுக்கக் கூடாதும்மா.” எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு என் அப்பா வயது. விட்டுவிட்டேன்.

கூட்டம் கடைசியில் ஒரு கேரம் கிளப்பில் நடந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை. வடசென்னையில் கேரம் கிளப் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுவரில் அம்பேத்கர், பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய காசிமாவின் படம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய இந்தப் பக்கத்துப் பெண். நாலு போர்டுகளில் மூன்றைச் சுவரோரம் சாய்த்து நாற்காலி போட்டார்கள். நாலாவது போர்டில் ஆட்டம் பாதியில் இருந்ததால் அவர்கள் எழுந்திருக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே கைதானவரின் உரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் பின்னால் ‘டக்’ என்று ஸ்ட்ரைக்கர் அடித்தது. போரிக் பவுடர் வாசனையில் எனக்கு இரண்டு தடவை தும்மல்.

வந்தவர்கள் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. நான் சொன்னது எளிமையான சமாச்சாரம்தான். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கொடுத்த நெறிமுறைகள்: கைது செய்பவர் பெயர்ப் பட்டையோடு வர வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்தாரோ தெருக்காரரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட். கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023இல் பணமோசடிச் சட்ட வழக்கிலும் 2024 மே மாதம் உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கிலும் வந்த தீர்ப்புகள். எமர்ஜென்சியைச் சொன்னேன். 1976 ஏப்ரல் 28 அன்று, பிடித்துப் போனவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் உரிமைகூட இப்போது இல்லை என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது.

பேச்சின் நடுவில் ஒருவர் உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட சட்டை, பழுப்பு ஷூ, சின்ன நோட்டு. ஷூவைப் பார்த்ததுமே கிளப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவன் எழுந்து போய்க் குனிந்து, “சார், நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா? கார்டு இருந்தா காட்டுங்க சார்,” என்றான். நான் சொன்னது நடைமுறைக்கு வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அவர் முறைக்கவில்லை. கார்டை எடுத்துக் காட்டினார். யாரோ டீ கொடுத்தார்கள். குறிப்பெடுத்தார்.

கேள்வி நேரத்தில் ஒரு பையன், சுவீடனில் வி-டெம் என்ற ஒரு நிறுவனம் இந்தியாவைத் ‘தேர்தல் நடத்தும் எதேச்சதிகாரம்’ என்று சொல்லியிருக்கிறதே, சரியா என்று கேட்டான். 2021 அறிக்கையில் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள், மத்திய அரசு ஏற்கவில்லை, அளக்கும் முறையில் விவாதம் உண்டு என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து, “எலெக்ஷனைப் பத்தி எங்க ஆர்.கே. நகரைக் கேளுங்க மேடம்!” என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாக இடைத்தேர்தலையே ரத்து செய்த தொகுதி. டிசம்பர் 21இல் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டைக் காட்டினால் பெரிய தொகை என்று ஊரெல்லாம் பேச்சு. குரல் கொடுத்தவரிடம் அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் அப்பவே டீ குடிச்சாச்சு,” என்றார். வி-டெம் அறிக்கையைக் கிளாசில் நடத்தும்போது இதையும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். ஆட்சி மேலிருந்து நசுக்குவது ஒரு பக்கம். ஓட்டு இவ்வளவு மலிவாக விலை போனது இன்னொரு பக்கம், அதற்கு டெல்லியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியாகக் கை தூக்கியவர் பழுப்பு ஷூ.

“எங்களுக்குச் சங்கம் வெச்சிக்க உரிமை இருக்கா மேடம்?”

ஸ்ட்ரைக்கர் சத்தம்கூட நின்றுவிட்டது. இருக்கிறது, ஆனால் அரசு அனுமதிக்கிற அளவுக்குத்தான் என்றேன். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, 1966ஆம் வருடத்துக் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். விடாமல் எழுதிக்கொண்டார். “வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு 2021லயே ஜி.ஓ. வந்துடுச்சு மேடம்,” என்றார். கிடைக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீ கிளாசைக் கீழே வைத்தார். எழுத்தில் வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள் என்று ஒரு மணி நேரமாக ஓதியவளுக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். சுற்றிக்கொண்டு போக ஆட்டோவுக்கு 150 ரூபாய் கேட்டார், 150ம் கொடுத்தோம்.

செப்டம்பர் 14, ஞாயிறு. காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, பீச்

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு விடியுமுன் போகச் சொன்னார்கள். போனேன். இனிமேல் போகமாட்டேன். கூட்டம் அப்படி. பெரிய வஞ்சிரம் கிலோ 1,100 சொன்னார்கள், சங்கரா 400. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்ததற்கு ஒரு அம்மா என் வம்சத்தையே விசாரித்தார். ஐஸ் தண்ணீரில் புடவைக் கரை நனைந்து நாள் முழுக்க நாறியது.

பழைய வண்ணாரப்பேட்டையில் 2020 பிப்ரவரி 14 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்த பகுதி வழியாக நடந்தேன். அன்று ராத்திரி தடியடி. அதற்கப்புறம் கூட்டம் பெருகிப் பந்தல் போட்டு இரவு பகலாக உட்கார்ந்தார்கள், மார்ச்சில் கொரோனா வந்து எழுப்பும்வரை. இப்போது அங்கே ஒரு அடையாளமும் இல்லை. ஜிகினா துணிக் கடைகள், பைக்குகள். மழைக்கு ஒதுங்கிய கடையில் ஒரு தையல்காரர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அந்தப் போராட்டத்தைக் கேட்டேன். “அந்த ஒரு மாசம் தெருவுல ஒரு செயின் பறிப்பு கிடையாது,” என்றார். சட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, பர்மாக்காரர்களின் நூடுல்ஸ். இந்தப் பயணத்தில் எனக்கு நிறைவாக இருந்த ஒரே சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் பேசினில் போட்டு, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கையால் பிசைந்து ஒரு தட்டில் தள்ளினார். கூடவே வாழைத்தண்டு சூப், குடிக்கக் குடிக்க ஊற்றுகிறார்கள், அதற்குக் காசு இல்லை. முட்டையைக் கீறி வெங்காயம் திணித்த பேஜோ தனி. எனக்கு மொத்தம் 110 ரூபாய் ஆனது.

கடைக்காரர் பெரியவர். வேலையைப் பையன் பார்க்க, இவர் கல்லாவில். ரங்கூனில் பிறந்து, ஐந்து வயதில் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தவர். அங்கே அப்பாவுக்குத் துணிக்கடை. 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அப்பாவுக்கு ஒன்றும் பெரிய வருத்தம் இல்லையாம்.

“எங்கப்பா சொல்வாரு, முன்னாடி ஒரே ரகளை, கட்சிக்காரனுங்க சண்டை, கொள்ளை. ராணுவம் வந்தா ஒழுங்காயிடும்னு எல்லாரும் நெனச்சோம்னு. கடை நல்லாத்தான் ஓடிச்சி.”

அந்த ஜூலையிலேயே ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தை ராணுவம் வெடி வைத்துத் தகர்த்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். “பசங்க படிக்காம எதுக்குக் கொடி புடிக்கணும்னாராம்.” 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், அதில் தமிழர் நிறைய. வந்தவர்களை வியாசர்பாடி மாதிரி இடங்களில் குடியமர்த்தினார்கள். அவர்கள் கடை போட்ட பர்மா பஜார் 1969இல் வந்தது. “கடைய எடுக்க வந்த ஆபீசருக்கு எங்கப்பா டீ குடுத்தாராம். அந்தாளும் குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, சாவிய வாங்கிட்டுப் போனானாம்.”

2016 நவம்பரில் டிவியில் 500, 1,000 நோட்டு செய்தி வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாராம். “‘இது இன்னொரு நே வினாடா’ன்னாரு. இல்லப்பா, இங்க எலெக்ஷன் இருக்கு, கோர்ட்டு இருக்குன்னேன். சரின்னு படுத்துட்டாரு.”

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைப் பற்றிக் கேட்டேன். அங்கே இன்னமும் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். “போன்ல சாப்பாடு, மழை, உடம்பு, இதத்தான் பேசுவோம். வேற எதுவும் அவங்களும் சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேக்க மாட்டோம்.” பையன் இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினான்.

செப்டம்பர் 15, திங்கள். உயர் நீதிமன்றம், சென்ட்ரல்

அண்ணா பிறந்தநாள். பிராட்வே முழுக்கக் கொடி, ஒலிபெருக்கி, இரண்டு கட்சிகளுடைய மாலையும் ஒரே சிலைக்கு. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நின்றுகொண்டே வந்தாலும் குறை சொல்ல மனசு வரவில்லை.

உயர் நீதிமன்றத்துக்குள் போக அடையாள அட்டை, வரிசை, பை சோதனை. மாணவன் கூட இருந்ததால் இருபது நிமிஷத்தில் முடிந்தது. 1892இல் திறந்த கட்டடம். சிவப்புக் கல்லும் வண்ணக் கண்ணாடியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. நான் பார்க்க வந்தது ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கும் இரண்டு நீதிபதிகள் அமர்வை.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை குண்டர் சட்ட வழக்குகள். 1982ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 14. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று ஆரம்பித்து, வகை வகையாகச் சேர்த்துக்கொண்டே போய், 2004இல் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். பர்மா பஜாரில் அன்று பல பேர் ராத்திரியோடு ராத்திரியாக சிடியை விட்டு செல்போன் கவருக்கு மாறினார்கள் என்று மாணவன் சொன்னான். தடுப்புக் காவலில் தமிழ்நாடு பல வருடமாக நாட்டிலேயே முன்வரிசை. எந்தக் கட்சி ஆண்டாலும் அப்படித்தான். 2017இல் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி மேலேயே இந்தச் சட்டம் பாய்ந்தது, செப்டம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. மத்திய அரசின் கருப்புச் சட்டங்களைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தணிந்துவிடும்.

வாதம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வக்கீல் எழுந்து, காவலில் வைக்கப்பட்டவருக்குக் கொடுத்த தாள் கட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் சரியாக விழவில்லை, படிக்க முடியவில்லை. இன்னொன்றில் ஆங்கில ஆவணம் ஒன்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை. எதற்காக உள்ளே வைத்தோம் என்பது அவருக்குப் புரியும்படி தெரிந்தால்தான் எதிர்த்து மனு எழுத முடியும். 22ஆம் பிரிவு கொடுக்கும் உரிமை அது. நீதிபதி அந்தப் பக்கத்தை வாங்கிக் கண்ணாடியை உயர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பக்கத்து நீதிபதியிடம் தள்ளினார். அவரும் பார்த்தார். இந்த மாதிரி ஒரு மங்கலான தாளால் காவல் உத்தரவே ரத்தாவது இங்கே புதிதில்லை என்றான் மாணவன். வெளியே கேட்டால், தொழில்நுட்பக் காரணத்தில் தப்பித்துவிட்டான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருஷம் ஒருவனை அடைத்து வைக்க நினைக்கிற அரசு, ஒரு தாளை ஒழுங்காக நகலெடுக்க வேண்டாமா?

வராந்தாவில் டிபன் பையோடு ஒரு அம்மா. மகன் புழல் சிறையில். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி வந்தாராம். அண்ணா பிறந்தநாளுக்குக் கைதிகளை விடுவார்களே, அதில் தன் மகன் வருவானா என்று மாணவனிடம் கேட்டார். அது ஆயுள் தண்டனைக் கைதிகளுக்கும்மா, உங்க பையனுக்குத் தண்டனையே இன்னும் இல்லையே என்றான். அந்த அம்மா யோசித்துவிட்டு, “அப்ப தண்டனை குடுத்தாத்தான் விடுவாங்களா?” என்றார்.

மாணவனின் சீனியர் சேம்பரில் தயிர் சாதம், மாவடு. அடுத்த கூட்டத்துக்கு ஸ்டேஷனில் ‘அனுமதி கோரி’ என்று எழுதாதே, ‘தகவலுக்காக’ என்று எழுது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. தரவில்லை என்றால் பதிவுத் தபால் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். மாணவன் எழுதிக்கொண்டான். ஹால்காரர் இன்னமும் பயப்படுவார், அதற்கு சீனியரிடமும் வழி இல்லை.

ரயிலுக்கு நேரம் இருந்தது. சென்ட்ரல் பக்கத்தில் பழைய மத்திய சிறை இருந்த இடத்துக்கு நடந்தேன். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்த கையோடு, மிசா என்கிற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தவர்களை இங்கேதான் அடைத்தார்கள். மு.க. ஸ்டாலின் இருந்தார். முன்னாள் மேயர் சிட்டிபாபு இங்கே அடிபட்டார், 1977 ஜனவரியில் இறந்தார். நடந்ததை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிற்பாடு விசாரித்தது. 2009இல் சிறையை இடித்தார்கள், இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடம். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பானிபூரி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணிடம் இங்கே ஜெயில் இருந்தது தெரியுமா என்று கேட்டேன். “ஆமா ஆன்ட்டி, ஹாஸ்டல்ல பேய்க் கதைலாம் சொல்வாங்க,” என்றாள். சாப்பிடுங்க என்று தட்டை நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டேன், தண்ணீர் சுமார்.

ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். 15 ரூபாய் என்று அச்சடித்திருந்தது, கடைக்காரர் 20 எடுத்துக்கொண்டார். பில் கொடுங்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பில் வரவில்லை, ஐந்து ரூபாய் வந்தது.